கப்பற் பயணமும் உடை வழக்கும்

நம் முன்னோர் பிழைப்புக்காகக் கப்பலேறினர், ஹஜ்ஜுக்காகக் கப்பலேறினர். இன்று நம்முடைய குடும்பங்கள் விடுமுறையைக் கழிப்பதற்காகக் கப்பலேறத் தொடங்கியிருக்கின்றன. சிங்கப்பூரிலிருந்து மூன்று நாள், நான்கு நாள் உல்லாசக் கப்பல்கள் புறப்படுகின்றன. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே அத்தகைய கப்பல் ஒன்று புறப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைகளுக்கும் ஒன்று சென்று வந்தது. கடலைக் கண்ணால் காண்பதும், காற்றை அனுபவிப்பதும், மனைவி மக்களோடு நான்கு நாள் ஓய்ந்திருப்பதும் மார்க்கம் வெறுக்கும் செயல்கள் அல்ல. அக்கப்பல்களில் மதுவும் சூதும் உண்டு. அவற்றை அணுகாதிருக்க வழியும் உண்டு. அந்த ஆராய்ச்சி இங்கு வேண்டாம். நாம் எடுத்துக்கொண்டது, பயணச் சீட்டு கைக்கு வந்த மறுநாளே நம் வீடுகளில் கூடிவிடும் ஒரு வழக்கு மன்றத்தைப் பற்றி.

அம்மன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் எப்போதும் பெண்ணே. மகள் எதை உடுத்துவாள், மனைவி எதை உடுத்துவாள், மருமகள் வீட்டார் என்ன சொல்வார்கள், பெரியவர்கள் பழைய வெள்ளைத் துப்பட்டியோடு வந்தால் கப்பலில் மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று விசாரணை நீள்கிறது. வாப்பாவும் அண்ணனும் மாமாவும் நீதிபதிகள். அந்த நீதிபதிகளோ, முதல் நாள் மாலையே கடைக்குச் சென்று, தொடையில் பாதியை மட்டும் மறைக்கும் அரைக்கால் சட்டைகளை அளவு பார்த்து வாங்கி வந்து பெட்டியில் அடுக்கிவிட்டார்கள். அதைப் பற்றி எந்த ஆலிமிடத்திலும் யாரும் போய்க் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஒரு பொருளாகவே அது அவர்களுக்குத் தோன்றவில்லை.

இந்த முறைகேட்டைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

திருமறையின் அந்நூர் அத்தியாயத்தை ஓதியவர்கள் அறிவார்கள். பார்வையைத் தாழ்த்திக்கொள்ளும் கட்டளையும் கற்பைக் காத்துக்கொள்ளும் கட்டளையும் அதன் 30ஆம் வசனத்தில் நம்பிக்கை கொண்ட ஆண்களுக்கு இடப்படுகின்றன. பெண்களுக்குரிய கட்டளை அதற்கு அடுத்த 31ஆம் வசனத்தில் வருகிறது. இறைவன் முதலில் யாரை விளித்தானோ அவர்களை விட்டுவிட்டு, அடுத்து விளிக்கப்பட்டவரை மட்டும் பிடித்து விசாரிக்கும் துணிவு நமக்கு எங்கிருந்து வந்தது? மேடைகளில் 31ஆம் வசனத்துக்கு ஒரு மணி நேரம் விளக்கம் கேட்டிருக்கிறோம். 30ஆம் வசனம் அதற்கு ஏறிச்செல்லும் படிக்கட்டாக மட்டுமே மிதிபடுகிறது.

ஆணுக்குரிய உடையின் எல்லை என்ன? கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின்படி தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதி மறைக்கப்பட வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் முழங்காலும் அதனுள் சேரும். இமாம் நவவீயின் மின்ஹாஜை முதற்பாகம் ஓதிய மாணவனுக்கும் இது தெரியும். அறிஞர்களிடையே கருத்து வேற்றுமையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. இமாம் புகாரீ தம் நூலில் தொழுகைப் பகுதியில் தொடையைப் பற்றித் தனியே ஒரு பாடம் அமைத்திருக்கிறார்கள். அதில், கைபர் போர் நாளைப் பற்றி அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தியின் அறிவிப்புத் தொடர் வலுவுடையது என்றும், தொடையும் மறைக்கப்பட வேண்டியதே என்னும் ஜர்ஹத் (ரலி) அவர்களின் செய்தி பேணுதலுக்கு உகந்தது என்றும் நடுநிலையோடு கூறுகிறார்கள். வேற்றுமை உண்டுதான். ஆனால், ஆணின் தொடை விஷயத்தில் எளிய கருத்தைத் தேடி எடுத்துக்கொள்பவர், பெண்ணின் முகம், மணிக்கட்டு, காற்பாதம் வரும்போது மட்டும் மிகக் கடினமான கருத்தைத் தேடி எடுப்பாரானால், அவர் மத்ஹபைப் பின்பற்றவில்லை. தம் வசதியைப் பின்பற்றுகிறார்.

நம் கைலியை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம். மலாய் நாட்டில் கட்டம் போட்ட கைலிக்கு வழங்கும் பெயரே நம் பழவேற்காட்டின் பெயரிலிருந்து பிறந்ததாகும். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல் கப்பலாக அத்துணி கிழக்கே சென்றது. அதை ஏற்றிச் சென்றவர்களில் நம்மவர் பலர். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குச் செல்லும் கப்பலின் மேல்தளத்தில் அவர்கள் கைலி உடுத்தே படுத்தார்கள், கைலி உடுத்தே தொழுதார்கள், கைலியோடே இறங்கி வேலைக்கும் சென்றார்கள். கணுக்கால் வரை மறைந்த அந்த உடையில் அவர்களுக்கு எந்தத் தாழ்வும் தோன்றவில்லை. அவர்களின் பேரர்கள் இன்று அதே கடலின் மேல் தொடை தெரிய நடக்கிறார்கள்; நடந்துகொண்டே பின்னால் வரும் மனைவியைத் திரும்பிப் பார்த்து, முக்காடு நழுவுகிறது என்று அதட்டுகிறார்கள்.

சென்ற ஆண்டு நம்மிடம் ஓர் அன்பர் வந்தார். சிறு வயதில் நம்மிடம் ஓதியவர். இப்போது நல்ல நிலையில் இருப்பவர். "ஹழ்ரத், குடும்பத்தோடு கப்பலில் போகிறோம். மகளுக்குப் பதினாறு வயது. கப்பலில் இருக்கும் நீச்சல் குளத்தில் இறங்க வேண்டுமென்கிறாள். தலை முதல் கணுக்கால் வரை மறைக்கும் நீச்சலுடை ஒன்றையும் வரவழைத்து வைத்திருக்கிறாள். கூடுமா?" என்றார். "நீங்கள் இறங்குவீர்களா, தம்பி?" என்று கேட்டோம். "இறங்குவேன், ஹழ்ரத்" என்றார். "எதை உடுத்திக்கொண்டு?" என்றோம். அவர் உட்கார்ந்தபடியே தம் தொடையின் நடுவில் கையை வைத்து அளவு காட்டினார். காட்டிய கை அங்கேயே சிறிது நேரம் நின்றது. பிறகு எடுத்துக்கொண்டார். மகளைப் பற்றிய மறுமொழியைச் சொல்லுமுன், அந்த அளவைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று.

அவ்ரத் என்னும் அரபுச் சொல்லை நம்மவர் வெட்கத்தலம் என்று மொழிபெயர்த்து, பெண்ணே வெட்கத்துக்குரியவள் என்பது போன்ற ஒரு மயக்கத்தை உண்டாக்கிவிட்டனர். அச்சொல் திருமறையில் வேறு இடங்களிலும் வருகிறது. அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 13ஆம் வசனத்தில், போர்க்களத்திலிருந்து நழுவ விரும்பிய நயவஞ்சகர் தங்கள் வீடுகளைப் பற்றி இச்சொல்லைக் கூறிச் சாக்குச் சொன்னதாக வருகிறது. வீடுகள் காப்பின்றித் திறந்து கிடக்கின்றன என்பது அங்கே பொருள். எதிரி எளிதில் புகக்கூடிய இடம், காவல் வேண்டிய இடம் என்பதே சொல்லின் வேர்ப்பொருள். காவல் ஆணுக்கும் வேண்டும், பெண்ணுக்கும் வேண்டும். எல்லையின் அளவு மட்டுமே மாறுகிறது. ஒருவர் இன்னொருவருக்குச் சிறைக் காவலராவதற்கு இச்சொல்லில் இடமில்லை.

இனிப் பெண்களின் உடையைப் பற்றிய பேச்சுக்கு வருவோம். இங்கே நாம் இரண்டு கூட்டத்தாரோடு வழக்காட வேண்டியிருக்கிறது.

ஒரு சாரார், கறுப்பு நிறத்தில் வளைகுடா நாட்டுத் தையலில் இல்லாத எதுவும் பர்தா ஆகாது என்கின்றனர். அரபு நாடுகளுக்கு நம்மவர் வேலைக்குச் செல்வது பெருகிய 1970களுக்குப் பிறகே அவ்வுடை நம் ஊர்களில் பரவிற்று. அதைத் தவறு என்று சொல்ல நாம் யார்? அன்ஸாரிப் பெண்கள் கறுப்பு மேலாடைகளோடு வெளிவந்ததைப் பற்றி உம்மு ஸலமா (ரலி) அவர்களின் அறிவிப்பு அபூதாவூதில் இருக்கிறது. ஆனால், புகாரீயின் உடைப் பகுதியில் பச்சை ஆடைகளுக்கென்றே ஒரு பாடம் இருக்கிறது. அதில் பச்சை முக்காடு அணிந்த ஒரு பெண்மணி ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்த செய்தி வருகிறது. ஆயிஷா நாயகியே இஹ்ராமில் இருக்கும்போது குசும்பாச் சாயம் தோய்ந்த ஆடை உடுத்திய செய்தியும் அந்நூலில் உண்டு. ஆகவே நிறத்தை வைத்து ஈமானை அளப்பது ஹதீஸ் கலை அறியாதவர் வேலை. ஷாஃபிஈ நூல்கள் உடைக்கு விதிக்கும் முதல் நிபந்தனை, தோலின் நிறம் வெளியே தெரியக் கூடாது என்பது. உடலின் வடிவம் தெரியும்படி ஒட்டியிருப்பது பெண்ணுக்கு மக்ரூஹ் என்பது அடுத்தது. இவ்விரண்டும் நிறைவேறினால், முழுக்கைச் சட்டையோடு இடை மறைய உடுத்திய சேலையும் அதன் மேல் நம் பாட்டிமார் போர்த்திய வெள்ளைத் துப்பட்டியும் எந்த அங்கிக்கும் குறைந்தவை அல்ல. சொல்லப் போனால், மெல்லிய வழுவழுப்பான துணியில் தைத்துப் பளபளக்கும் கல் பதித்த கறுப்பு அங்கி, கப்பலின் மேல்தளத்துக் காற்றில் உடலோடு ஒட்டி எல்லா வடிவத்தையும் காட்டிவிடும். துப்பட்டி அவ்வாறு காட்டாது. அறுபது வயதுப் பெரியவரிடம் "மாமி, கப்பலுக்காவது இந்தத் துப்பட்டியை விட்டுவிட்டு மார்க்கப்படி உடுத்துங்கள்" என்று சொல்லும் இளைய தலைமுறைக்கு மார்க்கத்தைக் கற்பித்தவர் எவரோ, அவரிடம் நமக்குக் கணக்கு இருக்கிறது.

அதிகாரத்தால் உடையை மாற்ற முயன்ற ஒரு பெரிய அறிஞரின் வரலாறு நம் கடலிலேயே நடந்தது. உலகப் பயணி இப்னு பதூதா 1343, 1344ஆம் ஆண்டுகளில் மாலத்தீவில் காழியாக இருந்தார். அங்குள்ள பெண்கள் இடைக்கு மேல் ஆடையின்றி நடமாடுவதைக் கண்டு மேலாடை அணியுமாறு கட்டளையிட்டார். கட்டளை பலிக்கவில்லை. தம் முன்னே வழக்குக்கு வரும் பெண் மறைத்துக்கொண்டுதான் வரவேண்டும் என்ற அளவில் மட்டுமே தம்மால் வெற்றி பெற முடிந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அதே மக்களை அவர் பக்தியும் நேர்மையும் உடையவர்கள் என்று புகழவும் செய்கிறார். பிறகு இலங்கை வழியாக நம் மஃபர் நாட்டுக்கு வந்து, மதுரை சுல்தானின் விருந்தினராகத் தங்கினார். அரசாணையும் தீர்ப்பு அதிகாரமும் கையில் இருந்த காழி ஒருவரால் ஆகாத செயலை, பெட்டி கட்டும் அறையில் நின்று கத்துவதால் ஆக்கிவிடலாம் என்று நினைக்கிறோம். உடையை உடுத்துபவர், அறிந்து, விரும்பி உடுத்த வேண்டும். அறிவிப்பது நம் கடமை. அதட்டுவது அதில் சேராது. ஈரானில் 1983 முதல் தலைமறைப்பைச் சட்டத்தால் கட்டாயமாக்கினார்கள். 2022 செப்டம்பரில் அச்சட்டத்தின் பேரால் பிடிக்கப்பட்ட மஹ்ஸா அமீனி என்னும் இளம்பெண் காவலில் இருந்தபோது உயிரிழந்தாள். அதன் பிறகு அந்நாட்டுத் தெருக்களில் எத்தனை முக்காடுகள் நெருப்பில் விழுந்தன என்பதை உலகம் பார்த்தது. பிடித்தவர்கள் மார்க்கத்துக்குச் செய்த தொண்டு அதுவே.

மற்றொரு சாரார், கப்பலில் ஏறினால் கப்பலின் வழக்கப்படிதான் இருக்க வேண்டும், நான்கு நாளைக்கு என்ன வந்துவிடும், நாம் மட்டும் தனித்துத் தெரிய வேண்டுமா என்பார்கள். இவர்கள் நாகரிகத்தின் பக்கம் நின்று பேசுவதாகத் தங்களை எண்ணிக்கொள்கிறார்கள். தனித்துத் தெரிவது ஒரு குற்றமா? சிசிலித் தீவின் பலர்மோ நகரம் இன்று உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும் துறைகளில் ஒன்று. 1184ஆம் ஆண்டு இறுதியில், ஜெனோவா நாட்டவரின் கப்பலில் வந்து மெஸ்ஸினா அருகே கப்பல் உடைந்து உயிர் பிழைத்த அந்தலுஸியப் பயணி இப்னு ஜுபைர் அந்நகரில் தங்கினார். அப்போது அங்கே ஆட்சி கிறிஸ்தவர்களுடையது. கிறிஸ்துமஸ் நாளில் அந்நகரத்துக் கிறிஸ்தவப் பெண்கள் பொன்னிறப் பட்டு உடுத்தி, மேலே போர்த்து, வண்ண முகத்திரையிட்டு, முஸ்லிம் பெண்களின் கோலத்திலேயே வெளிவந்ததை அவர் வியப்போடு குறித்து வைத்தார். முஸ்லிம்கள் அதிகாரம் இழந்த ஊரிலே அவர்களின் உடை கண்ணியத்தின் அடையாளமாக நின்றது. ஆண்டவர்களின் பெண்களே அதை விரும்பி எடுத்துக்கொண்டனர். பிறரைப் பார்த்து அஞ்சி நம் உடையை மாற்றிக்கொள்பவர், பிறர் நம்மைப் பார்த்து மாற்றிக்கொண்ட காலமும் உண்டென்பதை அறிந்துகொள்ளட்டும்.

களையச் சொல்வோரின் நாகரிகம் எப்படிப்பட்டது என்பதற்குப் பிரான்ஸ் நாட்டின் கடற்கரையே சான்று. லெபனானில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழும் அஹெதா ஸனெட்டி என்னும் பெண்மணி, முஸ்லிம் பெண்கள் விளையாட்டிலும் நீச்சலிலும் கலந்துகொள்ள வேண்டுமென்று விரும்பி, 2004ஆம் ஆண்டில் முழு உடல் நீச்சலுடை ஒன்றை உருவாக்கினார். புர்கினி என்று அதற்குப் பெயரிட்டார். பெண்ணை வீட்டை விட்டு வெளியே கொண்டுவந்த உடை அது. 2016ஆம் ஆண்டு கோடையில் கான் நகர மேயர் அதைக் கடற்கரையில் தடை செய்தார். வேறு பல ஊர்களும் அவ்வாறே செய்தன. நீஸ் நகரக் கடற்கரையில் ஆயுதம் தரித்த காவலர் நால்வர் சூழ்ந்து நிற்க, ஒரு பெண் தன் நீண்ட கை மேலங்கியைக் களையும் புகைப்படம் உலகெங்கும் பரவிற்று. ஆகஸ்டு 26ஆம் நாள் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் வில்னவ்லூபே என்னும் ஊரின் தடையை நிறுத்தி வைத்தது. மறைக்காத பெண்ணைத் துரத்தும் காவலரும், மறைத்த பெண்ணைத் துரத்தும் காவலரும் தலைநகரங்களால் மட்டுமே வேறுபடுகின்றனர்.

இது முஸ்லிம் பெண்ணுக்கு மட்டும் நேர்வதும் அன்று. 2021ஆம் ஆண்டு ஐரோப்பியக் கடற்கரைக் கைப்பந்துப் போட்டியில் நார்வே நாட்டுப் பெண்கள் விதிப்படியுள்ள மிகச் சிறிய உள்ளாடைக்குப் பதிலாகக் குட்டைக் காற்சட்டை அணிந்து ஆடியதற்காக அபராதம் விதிக்கப்பட்டனர். எதிர்ப்பு எழுந்த பிறகே அவ்வாண்டின் பிற்பகுதியில் விதி மாறிற்று. நம் தமிழ் மண்ணிலும் கதை இருக்கிறது. தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் அடியும் உதையும் பட்டுப் போராடினார்கள். 1859ஆம் ஆண்டில்தான் அரசரின் அறிக்கை அவ்வுரிமையை அளித்தது. அதையும் மேல்சாதியார் உடுத்தும் முறையில் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு அளித்தது. உடலை மறைத்துக்கொள்ளும் உரிமைக்காக இரத்தம் சிந்திய மண்ணில் பிறந்துவிட்டு, நான்கு நாள் உல்லாசத்துக்காக அவ்வுரிமையைப் பழமை என்று ஏளனம் செய்வது நன்றி மறந்த பேச்சு.

அன்பரின் மகளுக்கு நாம் சொன்ன மறுமொழிக்கு வருவோம். அந்நீச்சலுடை தோலின் நிறத்தை மறைக்கிறது. அந்த நிபந்தனை நிறைவேறிவிட்டது. நனைந்தபின் ஒட்டுவதுதான் குறை. அதன் மேல் முழங்கால் வரை தொங்கும் தளர்ந்த மேற்சட்டை உள்ளதாகப் பார்த்து வாங்கலாம். நீரைவிட்டு ஏறியவுடன் போர்த்துக்கொள்ளப் பெரிய துவாலையோ நீண்ட அங்கியோ கரையில் இருக்க வேண்டும். குளத்தில் கூட்டம் எந்நேரமும் ஒன்றுபோல் இராது. கப்பல் துறையில் நிற்கும் நாளில் பயணிகள் பெரும்பாலும் ஊர் பார்க்க இறங்கிவிடுவார்கள். அப்போது குளம் ஏறக்குறைய காலியாகக் கிடக்கும். அந்த நேரத்தில் தாயோடு சேர்ந்து இறங்கட்டும். பருத்திச் சுடிதாரோடு இறங்கு என்று சொல்லும் பெற்றோருக்கு ஒரு சொல்: பருத்தி நீரைக் குடித்துக் கனத்துவிடும், துப்பட்டா கழுத்தைச் சுற்றும், நீந்தத் தெரியாத பிள்ளைக்கு அது உயிராபத்து. நீச்சலுக்கென நெய்த துணியல்லாத உடையோடு குளத்தில் இறங்கப் பெரும்பாலான கப்பல்களில் அனுமதியும் இல்லை. மகளை அறைக்குள் இருத்திவிட்டுத் தகப்பனும் தமையனும் மட்டும் நீந்திவிட்டு வருவது பேணுதல் ஆகாது, அநீதி ஆகும். ஆணுக்கும் முழங்காலுக்குக் கீழே வரும் நீச்சற் காற்சட்டை கடையில் கிடைக்கிறது. அன்பர் அதை வாங்கினாரா என்று நாம் விசாரிக்கவில்லை.

பெண்ணுக்குக் கடல் எதற்கு என்பாரும் நம்மிடையே உளர். உம்மு ஹராம் பின்த்து மில்ஹான் (ரலி) அவர்களை இவர்கள் கேள்விப்பட்டதில்லை போலும். தம் உம்மத்தினர் அரியணை மீதமர்ந்த அரசர்களைப் போலக் கடலின் மேல் செல்வதை அண்ணலார் (ஸல்) அவர்கள் கனவில் கண்டு மகிழ்ந்து கூறியபோது, அவர்களில் ஒருத்தியாகத் தம்மை ஆக்கும்படி துஆச் செய்யுமாறு கேட்டவர் அந்த அம்மையார். ஹிஜ்ரி 28 அளவில் கணவர் உபாதா (ரலி) அவர்களோடு சைப்ரஸ் படையெடுப்பில் கப்பலேறினார். கரையிறங்கியபின் வாகனத்திலிருந்து விழுந்து உயிர் நீத்தார். லார்னகா நகரின் உப்பேரிக் கரையில் அவருடைய அடக்கத்தலம் இன்றும் இருக்கிறது.

கப்பலின் இரவு விருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மாலை கோட்டும் கழுத்துப் பட்டியும், ஒரு மாலை முழுதும் வெள்ளை, ஒரு மாலை இன்ன நிறம் என்று சில கப்பல்களில் அறிவிப்பு உண்டு. நம் புது மாப்பிள்ளைகள் இதற்காகத் தூய பட்டில் கழுத்துப் பட்டி வாங்குகிறார்கள். மாமனார் போட்ட பொற்சங்கிலியையும் மோதிரத்தையும் அணிந்துகொள்கிறார்கள். பட்டும் பொன்னும் இந்த உம்மத்தின் பெண்களுக்கு ஆகுமானவை, ஆண்களுக்கு ஆகாதவை என்பதில் நான்கு மத்ஹபுகளுக்கும் இரண்டு கருத்தில்லை. நாலு விரல் அகலக் கரைக்குச் சலுகை உண்டு; கழுத்துப் பட்டி முழுதும் பட்டு. சொறியால் வருந்திய இரண்டு நபித்தோழர்களுக்கு அண்ணலார் பட்டணிய அனுமதி கொடுத்த செய்தியும் உண்டு. நம் மாப்பிள்ளைகளுக்கு அந்நோய் இருப்பதாகத் தெரியவில்லை. மனைவியின் முக்காட்டில் ஒரு முடி தெரிந்தால் பொறுக்க மாட்டாத கணவர், தம் கழுத்தில் ஹராமைத் தொங்கவிட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்! அவ்விருந்துகளில் பெரும்பாலும் அவரவர் நாட்டு உடைக்குத் தடையில்லை. வெள்ளை வேட்டியும் முழுக்கைச் சட்டையும் போதும். அதுவும் வேண்டாமென்றால் பொது உணவுக்கூடம் திறந்தே இருக்கும்.

ஒவ்வொரு மாலைக்கும் ஒவ்வோர் ஆடை என்று கணக்கிட்டுக் குடும்பத்துக்குப் பத்துப் பதினைந்து புதுத்துணி எடுப்பதை என்னென்பது? பயணக் கட்டணத்தையே மாதத் தவணையில் கட்டும் குடும்பம் துணிக்கும் கடன் படுகிறது. ஒருமுறை படத்தில் வந்த ஆடையை மறுமுறை உடுத்தலாகாதாம். அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் அலங்காரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அதே மூச்சில் விரயத்தைத் தடுக்கிறது. அடுத்த வசனம், இறைவன் அளித்த அழகை விலக்கப்பட்டதாக ஆக்குவோரைக் கண்டிக்கிறது. அவ்வசனங்கள் இறங்கிய சூழலை விரிவுரையாளர் விளக்குவர். ஹும்ஸ் எனத் தம்மை அழைத்துக்கொண்ட குறைஷியர், வெளியூரார் தங்கள் சொந்த உடையில் கஃபாவைச் சுற்றலாகாது, எங்களிடம் உடை பெற்றே சுற்ற வேண்டும் என்று விதித்திருந்தனர். பெற முடியாத ஏழைகள் ஆடையின்றிச் சுற்றினர். ஹிஜ்ரி 9இல் அவ்வழக்கம் ஒழிக்கப்பட்டது. இன்ன இடத்தில் இன்ன உடைதான், அதை எங்களிடமே பெற வேண்டும் என்னும் வாணிகம் அன்று ஒழிக்கப்பட்டது. இன்று நாம் காசு கொடுத்து அதை வரவேற்கிறோம்.

1995 வரை பம்பாயிலிருந்து ஜித்தாவுக்கு ஹஜ்ஜுக் கப்பல்கள் சென்றன. யலம்லமுக்கு நேரே கப்பல் வரும் நேரம் அறிவிக்கப்படும். அதற்குள் ஆண்கள் அனைவரும் குளித்துத் தைக்கப்படாத இரண்டு துண்டுகளுக்குள் புகுந்துவிடுவார்கள். மில் முதலாளியையும் அவரிடம் கூலி வாங்குபவரையும் பிரித்தறிய முடியாது. பெண்கள் தத்தம் ஊர் உடையிலேயே இருப்பார்கள். இஹ்ராமில் அவர்கள் முகத்திரையும் கையுறையும் அணியக் கூடாது என்பது நபிமொழி. மலையாளத்துப் பெண் தன் வழக்கப்படியும், குஜராத்துப் பெண் தன் வழக்கப்படியும், நம் பெண்கள் வெள்ளைத் துப்பட்டியோடும் ஒரே தளத்தில் நின்று தல்பியா முழங்கினர். எது இஸ்லாமிய உடை என்ற சண்டை அங்கே எழவில்லை. மாலுமி என்னும் நம் சொல் அரபியின் முஅல்லிம் என்பதிலிருந்து வந்ததாகும். பாடம் சொல்பவனுக்கும் கப்பலுக்கு வழிகாட்டுபவனுக்கும் ஒரே பெயர். ஆகவே கப்பலைப் பற்றி முஅல்லிமுக்கு என்ன பேச்சு என்று யாரும் கேட்க வேண்டாம்.

இப்போது ஊரூராகக் கூட்டம் சேர்த்துக் கப்பற் பயணம் ஏற்பாடு செய்கிறார்கள். நாற்பது பேர், ஐம்பது பேர் சேர்கின்றனர். பயண முகவரிடம் முதலில் கேட்பது உணவு ஹலாலா என்பது, நல்ல கேள்வி. அதோடு நின்றுவிடுகிறார்கள். இத்தனை பேர் வருகிறோம், எங்கள் பெண்கள் நீந்துவதற்குக் காலையில் ஒரு மணி நேரம் குளத்தை ஒதுக்க இயலுமா, பெண் காவலர் நிற்பாரா, முழு நீச்சலுடைக்குத் தடை உண்டா என்று எவரும் கேட்பதில்லை. பணம் கட்டுமுன் கேளுங்கள். மறுமொழியை எழுத்தில் வாங்குங்கள். முகவர் மறுத்தால் வேறு முகவரை நாடுங்கள். பேச்சு நடக்கும் அறையில் பெண்களையும் உட்கார வையுங்கள்; எந்த நேரம் வசதி, எந்த உடை வசதி என்று அவர்களே சொல்லட்டும்.